மலேரியா ஏன் விட்டுப் போக மறுக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

முறைக்காய்ச்சல் என்று நம் பாட்டிமார் சொன்ன மலேரியாவைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். மருந்து தெளிப்பவர்கள், நுண்ணோக்கியில் ரத்த ஸ்லைடு பார்ப்பவர்கள், காய்ச்சலோடு குழந்தையை வைத்திருப்பவர்கள் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். மருந்தின் அளவு வருகிற இடங்களில் எல்லாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி): மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்று 1897இலேயே ரொனால்ட் ராஸ் காட்டிவிட்டார். மருந்து இருக்கிறது, வலை இருக்கிறது. பிறகும் ஏன் லட்சக்கணக்கானோர் சாகிறார்கள்? ஏழை நாடுகளில் பணம் இல்லை என்பதுதான் காரணமா?

பதில்: பணமும் காரணம்தான். 2023ஆம் ஆண்டில் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா வந்தது, 5,97,000 பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இறப்புகளில் 100க்கு 95 ஆப்பிரிக்க மண்டலத்தில் நேர்ந்தவை. அங்கே இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் 5 வயது நிரம்பாத குழந்தைகள்.

ஆனால் பணம் வந்து சேர்ந்த இடங்களிலும் மலேரியா நிற்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மலேரியாக் காய்ச்சல் கண்ட 100 பேரில் 80 பேர் நேரத்தோடு சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வந்தவர்களில் 100க்கு 80 பேருக்கு ரத்தப் பரிசோதனை நடக்கிறது. அவர்களில் 100க்கு 80 பேருக்குச் சரியான மருந்து கிடைக்கிறது, அதிலும் 100க்கு 80 பேர்தான் முழுவதும் சாப்பிடுகிறார்கள். தனித்தனியே பார்த்தால் எல்லாமே நல்ல மதிப்பெண்தான். பெருக்கிப் பார்த்தால் முழுமையாகக் குணமானவர்கள் 41 பேர். மீதி 59 பேரின் ரத்தத்தில் ஒட்டுண்ணி அப்படியே இருக்கிறது, கொசுவும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆயுதம் இல்லாமல் தோற்பதைவிட, கிட்டங்கியிலிருந்து கிளம்பிய ஆயுதம் கட்டிலுக்கும் சுவருக்கும் வயிற்றுக்கும் போய்ச் சேராமல் தோற்பதுதான் அதிகம்.

கேள்வி (சுகாதார ஆய்வாளர்): இரண்டு சுற்று மருந்து தெளித்தோம். பதிவேட்டில் 92 சதவீத வீடுகள் முடிந்தன. ஆனாலும் மழைக்காலம் முடியும்போது காய்ச்சல் குறையவில்லை. மருந்தில் குறையா, எங்களிடம் குறையா?

பதில்: மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்: பம்ப், சுவர், கொசு. அந்த வரிசையிலேயே பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே விடை கிடைத்துவிடும்.

சுவரில் மருந்து அடிப்பதன் நோக்கம் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். நோயாளியைக் கடித்த அனாஃபிலிஸ் கொசு அடுத்த ஆளுக்கு உடனே நோயைத் தர முடியாது. அதன் உடலுக்குள் ஒட்டுண்ணி வளர்ந்து எச்சில் சுரப்பிக்கு வர, வெதுவெதுப்பான பருவத்தில் 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் அது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ரத்தம் குடித்து, கனத்த வயிற்றோடு சுவரில் உட்காரும். அந்த உட்காரல்களில் ஒன்றில் அது செத்தால் போதும். கொசுவின் எண்ணிக்கை குறையாவிட்டாலும் ஆயுசு குறைந்தால் நோய் அறுபடும். ஆகவே ஊரில் கொசு இருக்கிறதா என்பதைவிட, கொசு உட்காரும் ஒவ்வொரு சுவரிலும் போதுமான மருந்து இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது பம்ப். 8002 எண்ணுள்ள விசிறி முனை, 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு சுமார் 760 மில்லிலிட்டர் தர வேண்டும். தெளிப்பவர் முனையைச் சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 75 சென்டிமீட்டர் அகலப் பட்டை விழும். அடுத்த பட்டை இதன் மேல் 5 சென்டிமீட்டர் ஏற வேண்டும். வேகம், ஒரு மீட்டர் சுவருக்கு 2.2 நொடி, 3 மீட்டர் உயரச் சுவருக்கு 6.7 நொடி. இந்தக் கணக்கு சரியாக இருந்தால் நிமிடத்துக்கு 19 சதுர மீட்டர் முடியும், சதுர மீட்டருக்கு 40 மில்லிலிட்டர் விழும்.

நடப்பில் என்ன ஆகிறது? காலை 9 மணிக்கு நின்று நிதானமாக அடிப்பவர், உச்சி வெயிலில் முழு உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஓட்டமாக ஓடுகிறார். பட்டை பாதி மருந்தோடு விழுகிறது. தூள் மருந்து அடியில் தங்கிவிடும் என்பதால் டாங்கியை இடையிடையே குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் முதல் வீட்டுக்கு ஒரு அளவும் கடைசி வீட்டுக்கு வேறு அளவும் போகும். அழுத்தம் 25 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கியும் பம்ப் அடிக்காமல் தொடர்பவர்கள் உண்டு. முனை தேய்ந்து துளை பெரிதானால், மருந்து வழிந்து தரையில் ஓடும். வாரம் ஒருமுறை அளவுக் குடுவையில் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். அளவு தெரிந்துவிடும்.

அடுத்தது சுவர். மண் சுவர் மருந்தை உறிஞ்சும். சுண்ணாம்பு அடித்த சுவர் சில மருந்துகளின் வீரியத்தைக் குறைக்கும். தெளித்த பத்தாம் நாள் வீட்டுக்காரர் சுவரை மெழுகினால் மொத்தமும் போச்சு. ஒரே ஒரு அறை பூட்டிக் கிடந்தது என்றால், அது பெரும்பாலும் படுக்கும் அறையாகவே இருக்கும். பதிவேடு அந்த வீட்டையும் முடிந்த வீடாகத்தான் கணக்கு வைக்கும். உங்கள் 92 சதவீதத்தை அறை வாரியாக ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கடைசியில் கொசு. சுவரில் கூம்பைப் பொருத்தி, அதற்குள் பெண் கொசுக்களை 30 நிமிடம் விட்டு, 24 மணி நேரம் கழித்து எத்தனை செத்தன என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. 100க்கு 80க்குக் கீழ் வந்தால் அந்தச் சுவரில் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள். ஆய்வகத்தில் வளர்த்த கொசுவும் சாகவில்லையென்றால் குறை தெளிப்பிலோ சுவரிலோ. அது செத்து ஊர்க் கொசு சாகவில்லையென்றால் எதிர்ப்பு வந்துவிட்டது, மருந்தை மாற்றக் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மூட்டைப்பூச்சி சாகாவிட்டால் மக்கள் அடுத்த முறை கதவைத் திறக்க மாட்டார்கள். மருந்து கொசுவுக்கு என்று நாம் சொன்னாலும், வீட்டுக்காரர் பார்ப்பது மூட்டைப்பூச்சியைத்தான். இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர்): மாதம் ஒருமுறை புகை அடித்தால் மலேரியா கட்டுப்படுமா?

பதில்: கட்டுப்படாது. புகை அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும் கொல்லும், சுவரில் எதையும் விட்டுவைக்காது. அனாஃபிலிஸ் பெரும்பாலும் இரவில் கடிப்பது. மாலை 5 மணிக்குத் தெருவில் அடிக்கும் புகை, அது ஒளிந்திருக்கும் இடத்தை எட்டுவதே அரிது. அந்த ஆள் பலத்தையும் எரிபொருளையும் தண்ணீர்த் தொட்டிகளுக்குத் திருப்பினால் பலன் உண்டு.

கேள்வி (கிராமச் செவிலியர்): வீட்டுக்கு வீடு கொசுவலை கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது போய்ப் பார்த்தால் பாதி வீட்டில் வலை இல்லை. இருப்பதும் கிழிந்திருக்கிறது. மூன்று வருடம் வரும் என்றார்களே?

பதில்: மூன்று வருடம், 20 சலவை என்பது வலைக்கான தரக் கணக்கு. சமையல் புகையும் கயிற்றுக் கட்டிலின் முனையும் எலியும் குழந்தைகளும் உள்ள வீட்டில் பல வலைகள் அதற்கு முன்பே கிழிந்துவிடுகின்றன. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மட்டும் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போகும் திட்டம் இதனால்தான் நடுவில் ஓட்டை விழுகிறது. கர்ப்பகாலப் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் வருபவர்களுக்குத் தொடர்ந்து வலை கொடுக்கும் வழி கூடவே இருக்க வேண்டும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். திட்டமிடும்போது 1.8 பேருக்கு ஒரு வலை என்று கணக்கிடுகிறார்கள். இரண்டு பேருக்கு ஒன்று என்று வைத்தால், 5 பேர் உள்ள வீட்டில் ஒருவர் எப்போதும் வெளியே நிற்பார். அது பெரும்பாலும் வளர்ந்த பிள்ளை. அவன் உடம்பில் நோய் வெளியே தெரியாமலே ஒட்டுண்ணி இருந்து கொசுவுக்குப் போகும்.

துவைக்கும்போது சாதாரண சோப்பும் குளிர்ந்த நீரும் போதும். சலவைத்தூளும் ப்ளீச்சும் கூடாது, கல்லில் அடிக்கவும் கூடாது. நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள், வெயில் மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும். புது வலையைப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் தொங்கவிட்டால் முகத்தில் எரிச்சல் வராது. இந்த எரிச்சலால் முதல் இரவிலேயே வலையைச் சுருட்டி வைத்தவர்கள் பலர். சிறு கிழிசலை அன்றைக்கே தைத்துவிட வேண்டும். மருந்து வலை என்பதால் சிறு ஓட்டை வழியாக நுழையப் பார்க்கும் கொசு வலையைத் தொட்டே சாகும். மருந்துக்கு அஞ்சாத கொசு உள்ள ஊரில் அந்தச் சலுகை கிடையாது.

வலையில் ஏற்றும் பைரித்ராய்டு வகை மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற கொசு இன்று பல நாடுகளில் இருக்கிறது. அங்கே வெறும் பைரித்ராய்டு வலை போதாது. கொசு மருந்தைச் செரித்துவிடாமல் தடுக்கும் பி.பி.ஓ. சேர்த்த வலையோ, குளோர்ஃபெனாபிர் என்ற இரண்டாவது மருந்தும் சேர்ந்த வலையோ தேவைப்படும். அடுத்த கொள்முதலுக்கு முன் உங்கள் பகுதிக் கொசுவின் எதிர்ப்புச் சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (ஆய்வக நுட்பர்): துரிதப் பரிசோதனை அட்டையில் நெகட்டிவ். இரண்டு நாள் கழித்து அதே நோயாளிக்கு ஸ்லைடில் ஃபால்சிபாரம் வகை மலேரியா. எதை நம்புவது?

பதில்: ஸ்லைடை நம்புங்கள். ஆனால் அட்டை ஏன் பொய் சொன்னது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் நுண்ணோக்கி இல்லாத ஊர்களில் அது மட்டும்தான் துணை.

முதலில் கைப்பழக்கம். பல அட்டைகளுக்கு 5 மைக்ரோலிட்டர் ரத்தம் வேண்டும். அதைவிடக் குறைந்தால் கோடு தெரியாது, கூடினால் பின்னணி சிவந்து கோடு மறையும். கரைசலைக் குறித்த சொட்டுகள்தான் விட வேண்டும். ஒரு கம்பெனிப் பெட்டியின் கரைசலை இன்னொரு அட்டைக்கு ஊற்றக் கூடாது. உறையில் எழுதியிருக்கும் நிமிடம் முடிந்த பிறகுதான் படிக்க வேண்டும். வரிசையில் 40 பேர் நிற்கும்போது 15 நிமிடம் என்பது 5 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது, தவறு நிறைய நடப்பது இங்கேதான். உறையைப் பிரித்தால் உடனே பயன்படுத்த வேண்டும். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தின் நிறம் மாறியிருந்தால் அந்த அட்டையைத் தூக்கிப் போடுங்கள். தகரக் கூரைக்கு அடியில் இரண்டு கோடைகள் கிடந்த பெட்டியையும் நம்ப முடியாது.

அடுத்து, ஒட்டுண்ணி குறைவாக இருப்பது. ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 200க்குக் கீழே போனால் அட்டை தவறவிடலாம். காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்பப் பார்ப்பது அதற்காகத்தான்.

மூன்றாவது காரணம் கவலைக்குரியது. ஃபால்சிபாரம் அட்டைகளில் பெரும்பாலானவை ஹெச்.ஆர்.பி.2 என்ற புரதத்தைத் தேடுகின்றன. அந்தப் புரதத்துக்கான மரபணுவையே தொலைத்துவிட்ட ஒட்டுண்ணிகள் பரவியிருக்கின்றன. அவற்றின் முன் அட்டை குருடு. எரித்ரியா இதனால் 2016இல் அட்டை வகையையே மாற்ற வேண்டி வந்தது. இந்தக் காரணத்தால் மட்டும் 100க்கு 5 நோயாளிகளுக்கு மேல் தவறினால் வேறு அட்டைக்கு மாற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். உங்களுக்கு வந்தது போல, அட்டை நெகட்டிவ், ஸ்லைடு பாசிட்டிவ் என்று வரும் ஒவ்வொன்றையும் தனிக் குறிப்பேட்டில் எழுதி மேலே அனுப்புங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. குணமான பிறகும் அதே புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். ஆகவே சிகிச்சை பலித்ததா என்று பார்க்க இந்த அட்டை உதவாது.

ஸ்லைடுக்கும் அதன் தொல்லைகள் உண்டு. ஸ்லைடில் தடிமனாகப் பூசிய ரத்தத்தின் கனத்த படலம், ஈரமாக இருக்கும்போது அடியில் வைத்த அச்செழுத்து மங்கலாகவாவது படிக்கத் தெரிய வேண்டும்; அதைவிடக் கனத்தால் சாயம் போடும்போது உரிந்து போகும். மெல்லிய படலத்தை மெத்தனாலில் நனைக்கும்போது ஆவிகூடக் கனத்த படலத்தில் படக் கூடாது. பட்டால் சிவப்பணுக்கள் உடையாமல் நின்று எதையும் பார்க்க விடாது. சாயத்துக்குக் கலக்கும் நீர் 7.2 பி.ஹெச். இருக்க வேண்டும். எண்ணெய் லென்ஸில் 100 புலம் (லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம்) பார்க்காமல் நெகட்டிவ் என்று எழுதக் கூடாது. ஒரு ஸ்லைடுக்கு 8 நிமிடம் என்று வைத்தால் 8 மணி நேரத்தில் 60 ஸ்லைடுதான். மேசையில் 150 ஸ்லைடு இருந்தால் கடைசி 90க்கு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆட்களைக் கூட்டக் கேட்டு எழுதும் கடிதத்தில் இந்தக் கணக்கையே போடுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி): கணவருக்கு வைவாக்ஸ் மலேரியா. மாத்திரை முழுவதும் சாப்பிட்டார். இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் அதே குளிர், நடுக்கம். மறுபடி கொசு கடித்ததா?

பதில்: கடித்திருக்கலாம். ஆனால் புதிதாகக் கடிக்காமலேயே வரும், அதுதான் வைவாக்ஸின் குணம். அதன் சில உயிரணுக்கள் கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து விழிக்கும். குளோரோகுயின் ரத்தத்தில் உள்ளதைத்தான் கொல்லும். உறங்குவதைக் கொல்ல பிரைமாகுயின் வேண்டும்: வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் 14 நாள், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 15 மில்லிகிராம்.

காய்ச்சலோ மூன்றாம் நாளே போய்விடும். உடம்பு தேறி வேலைக்குப் போகிறவர், எந்தத் தொந்தரவும் இல்லாதபோது இன்னும் 11 நாள் மாத்திரை விழுங்குவதென்றால் பாதியில் விட்டுவிடத்தான் பார்ப்பார். 14 நாளுக்கும் கட்டம் உள்ள மாத்திரை அட்டை, வீட்டில் ஒருவர் நினைவூட்டுவது, ஏழாம் நாளில் ஊழியர் ஒரு எட்டு வந்து எண்ணிப் பார்ப்பது என்று இருந்தால் எவ்வளவோ வித்தியாசம் தெரியும்.

உங்கள் கணவர் 14 நாள் முழுவதும் சாப்பிட்டாரா என்று முதலில் பாருங்கள். ஜி6பிடி என்ற நொதிக்குறை உள்ளவர்களுக்கு இம்மருந்து சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால், சோதனை செய்யாமல் கொடுக்கத் தயங்கி மருத்துவர் விட்டிருக்கவும் கூடும். உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் இந்தக் குறை உண்டு. சோதனை வசதி எட்டாத ஊர்களில் மருந்தையே கொடுக்காமல் விடுவது, வைவாக்ஸ் ஒழியாமல் இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம். குறை உள்ளவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் வாரம் ஒருமுறை கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் 8 வாரம் கொடுக்கும் முறை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. மாத்திரை சாப்பிடும் நாள்களில் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி (மருந்துக்கடை ஊழியர்): இரண்டு வேளை மாத்திரையிலேயே காய்ச்சல் விட்டுவிடுகிறது, மீதியை வைத்துக்கொண்டு அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். எப்படிப் புரிய வைப்பது?

பதில்: உள்ளே நடப்பதை அப்படியே சொல்லுங்கள். ஃபால்சிபாரத்துக்குக் கொடுக்கும் கூட்டு மருந்தில் இரண்டு சரக்கு உண்டு. ஆர்ட்டிமிசினின் வகை மருந்து சில மணி நேரத்திலேயே ரத்தத்தை விட்டுப் போய்விடும். அதற்குள் பெரும்பகுதி ஒட்டுண்ணியைக் கொன்று காய்ச்சலை இறக்கிவிடும். மிச்சம் மீதியைப் பெருக்கி எடுப்பது நாள்கணக்கில் தங்கும் கூட்டாளி மருந்து. இரண்டு வேளையில் நிறுத்தினால் கூட்டாளி மருந்து போதுமான அளவு ஏறியிருக்காது. சாகாமல் தப்பிப் பெருகுவது மருந்தைத் தாங்கிய ஒட்டுண்ணிதான்.

ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் என்றால் 6 வேளை: முதல் வேளை, 8 மணி நேரம் கழித்து இரண்டாவது, பிறகு இரண்டு நாள் காலையும் மாலையும். 35 கிலோவும் அதற்கு மேலும் எடை உள்ளவருக்கு வேளைக்கு 4 மாத்திரை, மொத்தம் 24. கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் லூமிஃபான்ட்ரின் உடலில் சேரும். காய்ச்சல்காரருக்குச் சாப்பாடு இறங்காது, வெறும் வயிற்றில் விழுங்கிவிடுவார். சிறிது பாலோடாவது கொடுக்கச் சொல்லுங்கள். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும், அதற்கு ஒரு வேளை மருந்து கூடுதலாக வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். முதல் வேளையை உங்கள் கண் முன்னாலேயே விழுங்க வைப்பது இன்னும் நல்லது. அடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவனுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், அவன் எடைக்குத் தனி அளவு.

இது வீட்டோடு முடிகிற விஷயமும் இல்லை. குளோரோகுயின் எதிர்ப்பு 1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையில் தென்பட்டு, பின்னர் ஆப்பிரிக்கா வரை போனது. ஆர்ட்டிமிசினின் தாமதமாக வேலை செய்வது 2008இல் முதலில் தெரியவந்ததும் மேற்குக் கம்போடியாவில்தான். இப்போது ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் உறுதியாகியிருக்கிறது. அடுத்த மருந்து தயாராகக் கையில் இல்லை. போலி மருந்தும் அளவு குறைந்த மருந்தும் விற்கிற கடை இந்த எதிர்ப்பை வளர்க்கும் நாற்றங்கால். உங்கள் அலமாரியில் தனி ஆர்ட்டிமிசினின் மாத்திரை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். தனி மாத்திரையை நிறுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் 2006இலேயே கேட்டுக்கொண்டது.

கேள்வி (நகராட்சிப் பணியாளர்): மலேரியா கிராமத்து நோய் என்று படித்திருக்கிறோம். நகரத்தில் ஏன் வருகிறது?

பதில்: அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி என்ற கொசு நகரத்தையே வீடாக்கிக்கொண்டது. மேல்நிலைத் தொட்டி, கட்டட வேலைக்குத் தேக்கிய நீர், கிணறு எல்லாம் அதற்குப் போதும். தெற்காசியாவின் நகரங்களில் நெடுங்காலமாக இருந்த இது 2012இல் ஜிபூட்டியில் காணப்பட்டது. அந்த ஆண்டு அந்நாட்டில் பதிவானது 27 நோயாளிகள். 2020இல் 73,000க்கு மேல். எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில் 2022இல் ஏற்பட்ட பரவலிலும் இந்தக் கொசுவுக்குப் பங்கு இருந்தது.

குழாயில் தண்ணீர் தினமும் வந்தால் யாரும் இத்தனை தொட்டி வைக்க மாட்டார்கள். நகர மலேரியாவின் வேர் அங்கே இருக்கிறது. குடிநீர்த் துறையைக் கூப்பிடாமல் சுகாதாரத் துறை மட்டும் கூட்டம் போட்டு ஆவதொன்றுமில்லை.

தொட்டி சோதனைக்கு வாரம் ஒரு சுற்று என்று வையுங்கள். முட்டை கொசுவாக வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும். பத்து நாளுக்கு ஒருமுறை போனால் ஒரு தலைமுறை பறந்துவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள்: நீர்ப்பரப்போடு ஒட்டிப் படுக்கையாக மிதந்தால் அனாஃபிலிஸ் புழு, தலைகீழாகத் தொங்கினால் வேறு கொசு. மூடி இருக்கிறது என்று திரும்பி வந்துவிடாதீர்கள். மூடி இருக்கும், ஆனால் வழிந்தோடும் குழாயின் வாய் திறந்திருக்கும், காற்றுக்குழாயில் வலை கிழிந்திருக்கும். கொசுவுக்கு அது வாசல். டெமிஃபாஸ் என்ற புழுக்கொல்லி மருந்தைப் போடுவதென்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்: 50 சதவீத எண்ணெய்க் கரைசலில் 1,000 லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லிலிட்டர், ஒரு சதவீத மணல் குருணையில் 10 லிட்டருக்கு ஒரு கிராம். குடிநீருக்கு இதற்கு மேல் போகக் கூடாது. தொட்டியின் கொள்ளளவைக் கண்ணால் மதிப்பிடாமல் நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றையும் அளந்து பெருக்குங்கள்.

கேள்வி (இளம் தாய்): தடுப்பூசி வந்துவிட்டதே, இனி வலை தேவையா?

பதில்: தேவை. ஆர்.டி.எஸ்.எஸ். தடுப்பூசியை 2021 அக்டோபரிலும் ஆர்21 தடுப்பூசியை 2023 அக்டோபரிலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இரண்டும் ஃபால்சிபாரத்துக்கு எதிரானவை, வைவாக்ஸைத் தடுக்காது. 5 மாத வயது முதல் 4 தவணை. தடுப்பாற்றல் காலப்போக்கில் குறையும் என்பதால்தான் நான்காவது தவணை. பலரும் தவறவிடுவதும் அதைத்தான், ஏனென்றால் அந்த வயதில் வேறு வழக்கமான ஊசிக்குக் குழந்தையைத் தூக்கி வர வேண்டியிருப்பதில்லை.

கேள்வி (திட்ட அலுவலர்): எங்கள் பகுதியில் மூன்று ஆண்டுகளாக ஒற்றை இலக்கத்தில்தான் நோயாளிகள். மலேரியா ஊழியர்களை வேறு வேலைக்கு மாற்றச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: இலங்கையைப் பாருங்கள். 1934–35இல் சுமார் 80,000 பேரைப் பறிகொடுத்த தீவு அது. டி.டி.டி. தெளிப்பும் விழிப்பான கண்காணிப்பும் சேர்ந்து, 1963இல் மொத்த நோயாளிகள் 17 பேர் என்ற நிலைக்கு வந்தது. தெளிப்பு நின்றது, கண்காணிப்பு தளர்ந்தது. 1969இல் 5 லட்சத்தைத் தாண்டியது. 1930களிலிருந்து 61 நாடுகளில் மலேரியா திரும்பி வந்த 75 நிகழ்வுகளை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியானது. அவற்றில் 68இல், கட்டுப்பாட்டுத் திட்டம் பலவீனமானது ஒரு காரணமாக இருந்தது. கொசு எங்கும் போகவில்லை. மலேரியா வராமல் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்கு உடலில் பழகிய எதிர்ப்பும் போய்விடும். அதனால் திரும்பும்போது பெரியவர்களையும் சாய்க்கும்.

அதே இலங்கை பிறகு பாடம் கற்றது. 2012 அக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்று இல்லை. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. சீனா ஒவ்வொரு நோயாளியையும் 1 நாளுக்குள் பதிவு செய்து, 3 நாளுக்குள் எங்கிருந்து வந்த தொற்று என்று விசாரித்து, 7 நாளுக்குள் சுற்றுவட்டாரத்தில் நடவடிக்கையை முடிக்கும் முறையைக் கொண்டுவந்து 2021இல் சான்று பெற்றது.

ஆகவே தெளிப்புக் குழுவைக் குறைப்பது பேசக்கூடிய விஷயம். ஸ்லைடு பார்ப்பவரையும், நோயாளியின் வீட்டுக்குப் போய் விசாரிப்பவரையும் எடுத்துவிடாதீர்கள். வருடத்துக்கு 5 நோயாளிதான் என்றால் ஆய்வக நுட்பரின் கண் பழக்கம் விட்டுப்போகும். பழைய பாசிட்டிவ் ஸ்லைடுகளை மாதந்தோறும் கலந்து கொடுத்துச் சோதியுங்கள். வேலைக்காக ஊர் விட்டு ஊர் போய்த் திரும்புகிறவர்களின் பட்டியலை வைத்திருங்கள், வந்த வாரத்திலேயே ரத்தம் எடுங்கள். எடுக்கும் ரத்தத் தடவல்களின் எண்ணிக்கை குறைந்து, நோயாளிகளும் குறைந்தால் மகிழ வேண்டாம். தேடாததால் கிடைக்காமல் போயிருக்கலாம்.

கேள்வி (கிராமச் சுகாதாரத் தன்னார்வலர்): மருத்துவமனை வெகு தூரம். குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? ஆசனவாய் வழி வைக்கும் ஆர்ட்டிசுனேட் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

பதில்: வலிப்பு, நினைவிழப்பு, எதையும் குடிக்க முடியாமை, ஓயாத வாந்தி, மூச்சுத் திணறல், கறுத்த சிறுநீர், மிகுந்த வெளிறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வாய்வழி மாத்திரைக்குக் காத்திருக்கக் கூடாது. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் ஆர்ட்டிசுனேட் குளிகையை வைத்துவிட்டு உடனே அனுப்ப வேண்டும். மருத்துவமனையில் ஊசியாக 0, 12, 24 மணி நேரத்தில் தருவார்கள், பின்னர் மூன்று நாள் கூட்டு மாத்திரையும் உண்டு.

குளிகை வைத்த சில மணி நேரத்தில் குழந்தை கண் திறந்து பார்க்கும். பெற்றோருக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும், இனி எதற்கு அவ்வளவு தூரம் என்று நின்றுவிடுவார்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசு, நைஜீரியா, உகாண்டா ஆகிய நாடுகளில் இந்தக் குளிகையைப் பரவலாகக் கொடுத்தபோது எதிர்பார்த்த உயிர்கள் தப்பவில்லை. மேல்சிகிச்சை முழுமையாகக் கிடைக்காதது அதற்கு ஒரு பெரிய காரணம். அதனால் குளிகையைக் கையில் எடுக்கும் முன்பே வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதித் தாயின் கையில் கொடுங்கள். வலிப்பு வந்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். குளிகை அரை மணிக்குள் வெளியே வந்துவிட்டால் இன்னொன்று வைத்து, பிட்டங்களைச் சேர்த்து 10 நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டியில் ஏறிய பிறகும் அதைச் செய்யலாம்.